அப்புறம் சொல்றேன்

வார நாட்களில் சென்னையில் மென்பொருள் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறு ஊருக்குப் போய், நூலக மாடியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். பன்னிரண்டு வாரம் ஒரு பேட்ச். வருகிறவர்களில் பெரும்பாலானோர் பக்கத்துக் கலைக் கல்லூரி மாணவர்கள். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப்.

முதல் நாளே ஒரு வெப் அப்ளிகேஷன் எழுத வைத்துவிடுவேன். பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க் என்றொரு சிறு கருவி இருக்கிறது. அதை வைத்து ஏழெட்டு வரிகள் எழுதினால் போதும், பிரவுசரில் "வணக்கம்" என்று வந்துவிடும். அந்த ஏழெட்டு வரிகளில் பாதி என்னவென்று அன்றைக்கு யாருக்கும் புரியாது. இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு 'நேம்' என்று ஒரு சொல் வரும். ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் கை தூக்குவார். "சார், இது ஏன் சார் இப்படி இருக்கு?" என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இப்போதைக்கு அப்படியே அடி. அப்புறம் சொல்றேன்."

சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். சொல்லாமல் முடியாது. பிரவுசர் கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது என்கிற ஒரு வாக்கியத்துக்குக் கீழே முகவரிகள், நெட்வொர்க், இயங்குதளம், மின்சாரம் என்று அடுக்கடுக்காகப் போகும். அடியிலிருந்து தொடங்கினால் "வணக்கம்" வருவதற்குள் பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். எதைச் சொல்வது என்பதைவிட எதை இப்போது சொல்லாமல் விடுவது என்பதுதான் கற்பித்தலில் பெரிய முடிவு. நீண்ட நாள் அதை நான் ஒரு தொழில்நுட்ப முடிவு என்றே நினைத்திருந்தேன்.

*

போன வருட பேட்ச்சில் ஒரு மாணவி. பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான்காம் வாரம், "உங்க வீட்டுல, தெருவுல யாருக்காவது பயன்படுற மாதிரி ஒண்ணு யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லியிருந்தேன். பலரும் கால்குலேட்டர், செய்ய வேண்டியவை பட்டியல் என்று யூடியூபில் பார்த்ததையே சொன்னார்கள். அவள் மட்டும் கடையின் பாக்கி நோட்டைச் சொன்னாள். நாற்பது பேர் கணக்கு. மாதக் கடைசியில் அப்பா ராத்திரி பதினோரு மணி வரை கூட்டிக்கொண்டிருப்பார், அதைக் கம்ப்யூட்டர் கூட்டிவிட்டால் அவர் சீக்கிரம் தூங்குவார் என்றாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்படி ஒரு பதிலுக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

அந்த நோட்டை நான் பின்னால்தான் பார்த்தேன். நீளவாட்டில் திறக்கும் கணக்கு நோட்டு, கல்லாவுக்குக் கீழே இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர் என்று இருப்பதெல்லாம் பெயரே இல்லை. "மாடி வீட்டு அம்மா", "டெய்லர்", "பால்காரர் தம்பி", "முக்கு வீட்டு இட்லி". அவருக்கும் நோட்டுக்கும் மட்டும் தெரிந்த பாஷை. யாராவது வந்து "எம்மாவுண்ணே என் கணக்கு?" என்று கேட்டால், நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுவார். எதிர்ப்பக்கத்தின் மீது இடது உள்ளங்கையை வைத்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமாகத் தெரியவில்லை. கை தானாகப் போகிறது.

அந்தக் கையைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பாடத்திட்டம். ஐந்தாம் வாரத்தில் ஃபார்ம். ஃபார்ம் என்றால் தவறான உள்ளீட்டைத் தடுப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். அதற்குத் தோதானது போன் நம்பர்: பத்து இலக்கம் இருக்கிறதா, எல்லாம் எண்தானா என்று சோதிக்கலாம். "ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு போன் நம்பர் ஃபீல்டு வை" என்றேன். பெயர் காலியாக இருக்கக் கூடாது, இரண்டு பேருக்கு ஒரே பெயர் வந்தால் குழப்பம், அதனால் முழுப்பெயர் வாங்கு என்றேன். அதே வாரம் வரிசைப்படுத்துதல். "பாக்கி அதிகமா இருக்கிறவங்க மேல வர்ற மாதிரி அடுக்கு, அப்பாவுக்கு வசதியா இருக்கும்." அவள் அப்பாவுக்கு அப்படி ஒரு வசதி தேவைப்படுகிறதா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, பாடத்துக்கு ஓர் உதாரணம்.

ஆறாம் வாரம், எழுதியதை இணையத்தில் ஏற்றுவது. இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் கணக்கு திறந்து ஏற்றினால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு முகவரி கிடைக்கும். லாகின், பாஸ்வேர்டு எல்லாம் பதினோராம் வாரம்.

இந்த வரிசை முதலில் இப்படி இல்லை. முன்பு லாகினுக்குப் பிறகுதான் ஏற்றுவது. ஆனால் அதற்கு முந்தைய பேட்ச்சில் பாதிப் பேர் ஐந்தாம் வாரத்துக்குள் நின்றுவிட்டார்கள். தான் செய்தது தன் போனில் திறக்கிற அந்தத் தருணம் சீக்கிரம் வந்தால் நிற்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, ஏற்றுவதை ஆறாம் வாரத்துக்குக் கொண்டுவந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. போன வருடம் ஒருவர்கூட நிற்கவில்லை. "பாஸ்வேர்டு வேணாமா சார்?" என்று அவள் கேட்டாள். கேட்டாள் என்பதை நான் இங்கே எழுதியாக வேண்டும்.

"வேணும்தான். அப்புறம் சொல்றேன்."

*

அவள் லிங்க்கை வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டாள். யார்தான் போடமாட்டார்கள்? மாமா ஒருவர் "நம்ம பொண்ணு பண்ணது" என்று பெருமையாக அதைத் தெருக் குழுவுக்கு அனுப்பினார். இதில் கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவர்கூடக் கிடையாது.

திறந்தவுடன் முதல் பெயர், பாக்கி அதிகமானவர். தெருமுக்கில் காலையில் இட்லி விற்கும் அக்கா. முழுப்பெயர், போன் நம்பர், 6,840 ரூபாய். நோட்டில் எங்கோ நடுப்பக்கத்தில் "முக்கு வீட்டு இட்லி"யாக இருந்தவர், என் வரிசைப்படுத்தும் பயிற்சியால் உச்சியில் வந்து நின்றார். அரிசியும் உளுந்தும் கடனுக்கு வாங்கி, விற்ற காசில் கட்டுவது அவர் வழக்கம். மழை மாதத்தில் பாக்கி ஏறும், அப்புறம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் கடைக்காரருக்குத் தெரியும், பக்கங்களைப் புரட்டினால் தெரியும். என் மாணவியின் திரையில் தெரிந்தது ஒரே ஒரு எண்.

அவர் ஒரு சீட்டில் இருந்தார். சீட்டு பிடிக்கிறவர் அவரைக் கூப்பிட்டு, அடுத்த மாசம் தவணை கட்டிடுவீங்களா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் சிரித்ததாகவும் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து அந்த அக்கா கடைக்கு வந்து 6,840 ரூபாயையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். காதில் தோடு இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் வாங்குகிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அவள் வராதபோதுதான். அவளோடு லேப்டாப்பைப் பகிர்ந்துகொண்ட பெண் சொன்னாள். சாயங்காலம் கடைக்குப் போனேன். மாணவி உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அப்பா எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்தார்.

"பாக்கி வந்துடுச்சு சார். ஆளுதான் போயிடுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, பாப்பாதானே போட்டுது. அதுக்குத் தெரியல" என்றார்.

என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் சொன்னார். அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல் உறுத்தியது. தெரியல.

*

தெரியாமல் செய்த தவறுக்கு யார் பொறுப்பு என்பது பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கியன் எதிக்ஸ் நூலின் மூன்றாம் பகுதியில் இதை எடுத்துக்கொள்கிறார். அறியாமல் செய்ததை மனமறிந்து செய்ததாகக் கொள்ள முடியாது என்கிறார். செய்தபின் அவன் வருந்துகிறானா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். கூடவே ஒரு விதிவிலக்கு வைக்கிறார்: அந்த அறியாமைக்கே அவன் காரணமாக இருந்தால் மன்னிப்பு இல்லை. குடித்துவிட்டுத் தவறு செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை என்றிருந்த சட்டத்தை உதாரணமாகச் சொல்கிறார். குடிக்காமல் இருப்பது அவன் கையில்தான் இருந்தது.

அறியாமையில் இப்படி இரண்டு வகை என்றால், வகுப்பறையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஒருவருடைய அறியாமைக்கு இன்னொருவர் காரணமாக இருப்பது. என் மாணவிக்கு எது எந்த வாரம் வரை தெரியாமல் இருக்கும் என்பதை நான் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வைத்திருந்தேன். அவளுடைய அறியாமை தற்செயல் இல்லை. அது என் பாடத்திட்டம்.

இதைக் குற்ற உணர்ச்சியில் மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவரும் இதே தொழில்தான். "அவ பத்தொன்பது வயசுப் பொண்ணு. கடன் கணக்கை ஊருக்குக் காட்டக் கூடாதுன்னு தெரிய கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணுமா?" என்றார். நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த நோட்டை அவளிடம் கொடுத்து, போய் டீக்கடை பெஞ்சில் விரித்து வை என்றால் செய்திருப்பாளா? நிச்சயம் மாட்டாள். அப்படியானால் நல்லது கெட்டது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் போனது, லிங்க்கை அனுப்புவதும் பெஞ்சில் விரிப்பதும் ஒன்று என்பது மட்டும். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். அவள் கேட்கவும் செய்தாள்.

*

இங்கே நான் என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழி முழுவதையும் நானே எடுத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அது யோசிப்பதை நிறுத்திவிடும்.

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் சி மொழி படித்தவன். டர்போ சியின் நீலத் திரை, ஃபிபனாச்சி வரிசை, ஒரு எண்ணைத் திருப்பிப் போட்டாலும் அதே எண்தானா என்று பார்ப்பது, அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது, கடைசியில் வைவா. இரண்டு வருடம் எழுதிய எந்தப் புரோகிராமும் எந்த மனிதருக்கும் பயன்படவில்லை. எந்த மனிதரையும் காயப்படுத்தவும் இல்லை. என் வகுப்பில் அறுபது பேர். புரோகிராமிங் நமக்கு வராது என்று நம்பி வெளியே வந்தவர்கள் பலர். அவர்களுக்கு வராமல் இல்லை. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

டெய்லர் கடையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும்தான் கொடுப்பார்கள். கத்தரி கைக்கு வர நாளாகும். துணி இன்னொருவருடையது, வெட்டினால் ஒட்டாது. அதில் ஒரு நீதி இருக்கிறது. ஆனால் காஜாவிலேயே வருடக்கணக்கில் உட்கார வைத்து, வெட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மாஸ்டர்களும் உண்டு. "உனக்கு இன்னும் நேரம் வரல" என்ற வாக்கியத்தால் நம் ஊரில் எத்தனை பேரிடமிருந்து எத்தனை படிப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். முதல் நாளே கத்தரியைக் கையில் கொடுப்பேன் என்று நான் முடிவெடுத்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

சீமோர் பேப்பர்ட்டைப் படித்தபோது என் கோபத்துக்கு ஒரு கொள்கை கிடைத்தது. 1967இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1980இல் வந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் அவர் புத்தகம். ஆமை என்று ஒன்று, முன்னால் போ, திரும்பு என்று குழந்தை சொல்லச் சொல்லக் கோடு வரைந்துகொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் பதில் ஒன்று சரி அல்லது தப்பு. புரோகிராம் எழுதும்போது அப்படி இல்லை, முதல் தடவையில் எதுவும் சரியாக வராது, எங்கே பிழை என்று தேடிச் சரிசெய்வதுதான் கற்பது என்பது அவர் சொல்லும் முக்கியமான விஷயம். தப்பு செய்ய பயப்படாதே. என் வகுப்பின் முதல் வாக்கியமே அதுதான்.

ஆனால் ஆமை தப்பாக வரைந்தால் திரையை அழித்துவிடலாம். சதுரம் கோணலாக வந்ததற்காக யாரும் தோட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. நான் பேப்பர்ட்டின் துணிச்சலை எடுத்துக்கொண்டு, ஆமை இருந்த இடத்தில் நாற்பது மனிதர்களை வைத்துவிட்டேன். வெப் அப்ளிகேஷனைச் சொல்லிக்கொடுப்பது எளிது, உடனே பலன் தெரியும் என்கிறோம். உடனே பலன் தெரிவது எதனால்? அது முதல் நாளிலிருந்தே நிஜமாக இருப்பதால். நீச்சல் பழக ஆழமில்லாத பக்கம் ஒன்று இருப்பதுபோல அங்கே கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த யோசனை, ஆய்வாளர்கள் தங்கள் தகவல்களை எளிதாகப் பகிர்ந்துகொள்வதற்கானது. 1993இல் செர்ன் அந்த மென்பொருளையே பொதுவுக்குக் கொடுத்துவிட்டது. வலையின் ரத்தத்திலேயே திறந்திருப்பது ஊறியிருக்கிறது. ஒரு பக்கத்தை ஏற்றினால் அது எல்லோருக்கும் தெரியும், தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் தனியாக வேலை செய்ய வேண்டும். பாக்கி நோட்டு நேர் எதிர். மூடியிருப்பதுதான் அதன் இயல்பு. ஒவ்வொரு தடவையும் யாருக்கு, எந்தப் பக்கத்தை, எவ்வளவு நேரம் என்று ஒரு மனிதர் முடிவெடுத்துத் திறக்கிறார். அப்போதும் எதிர்ப்பக்கத்தின் மேல் கை. நோட்டை வலைக்கு மாற்றியபோது நாங்கள் எழுத்தையும் எண்ணையும் மாற்றினோம். கையை மாற்றவில்லை. அதற்கு ஃபார்மில் ஃபீல்டு இல்லை.

*

இப்போது பாடத்தை மாற்றியிருக்கிறேன். ஏற்றுவது இன்னும் ஆறாம் வாரம்தான், அதை விட்டுக்கொடுக்க மனம் இல்லை. ஆனால் ஏற்றுவது பேருந்து நேரமோ, நூலகப் புத்தகப் பட்டியலோ, தன் கவிதையோ, எதுவானாலும் அதில் இன்னொருவர் இருக்கக் கூடாது. மனிதர்கள் வரும் எதுவும் 127.0.0.1 என்ற முகவரியிலேயே இருக்கும், அதாவது அவரவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே. பொய்ப் பெயர்கள்தான் போட வேண்டும். ஃபார்ம் பாடத்தில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பக்கத்தில், இது யாருக்காக என்று எழுத வேண்டும். "வேலிடேஷன் பழகறதுக்காக" என்று எழுதினால் அந்த ஃபீல்டை எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த பேட்ச்சில் யாரும் யாரையும் காயப்படுத்தவில்லை. பாக்கி நோட்டு போல ஒன்றை யாரும் கொண்டுவரவும் இல்லை. இத்தனை வருடத்தில் என் வகுப்பில் உருவானவற்றில் உண்மையான தேவையிலிருந்து வந்தது அந்த ஒன்றுதான். அதுதான் காயப்படுத்தியது. நிஜத்தை வெளியே எடுத்துவிட்டால் நீலத் திரைக்கும் ஃபிபனாச்சிக்கும் திரும்பிப் போகிறோம். உள்ளே விட்டால் யாரோ ஒருவருடைய வாழ்க்கை பயிற்சித் தாளாகிறது. நடுவில் எங்கே நிற்பது என்று ஒவ்வொரு ஞாயிறும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் மாணவர்கள் ஏஐயிடம் கேட்டு அரை மணி நேரத்தில் முழு அப்ளிகேஷனையே வாங்கிவிடுகிறார்கள். லாகின் வேண்டும் என்றால் லாகினும் வந்துவிடும். அதனால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன வேண்டும் என்று கேட்க அந்த உள்ளங்கையைப் பார்த்திருக்க வேண்டும். நானே கடையில் உட்கார்ந்து டீ குடித்த அன்றுதான் பார்த்தேன்.

*

நான்காவது ஞாயிறு அவள் வந்தாள். நான் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன், அவள் பெயரைச் சொல்லாமல், தப்பு யாருடையது என்பதைச் சொல்லி. அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அக்காவை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கலாமா என்று அவள் அப்பாவிடம் கேட்டேன். "வேணாம் சார், இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஆயிடும்" என்றார். மன்னிப்புக் கேட்பதுகூட என் வசதிக்காக இருக்கக்கூடும் என்று அப்போது புரிந்தது.

கொஞ்ச நாளில் அவள் அதைத் திரும்ப எழுதினாள். கடை லேப்டாப்பில் மட்டும் ஓடும். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம்: "எல்லாரையும் ஒரே பக்கத்துல காட்டாதே." பட்டியலே கிடையாது. திறந்தால் ஒரு காலிப் பெட்டி. நோட்டில் உள்ள பட்டப்பெயரைச் சரியாக அடித்தால் அந்த ஒருவரின் கணக்கு மட்டும் வரும். போன் நம்பர் இல்லை. ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால், பயன்படுத்துகிறவருக்கு வசதியில்லாத வடிவமைப்பு என்று நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

ஒரு சந்தேகத்தோடு வந்தாள். "கணக்கு தீர்ந்தவங்களுக்கு டிலீட் பட்டன் வைக்கட்டுமா சார்?"

"அப்பா நோட்டுல என்ன பண்ணுவார்?"

"குறுக்கால ஒரு கோடு போடுவார். பக்கத்தைக் கிழிக்க மாட்டார். திரும்ப வருவாங்கன்னு."

"அப்ப வேணாமே" என்றேன்.

அவள் போகவில்லை. "அவங்களே வந்து, என் பேரே இங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னா சார்?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் வேறு, மணி பதினொன்று, பத்துப் பேர் காத்திருந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்களையும் கூப்பிட்டேன். அந்த ஞாயிறு அதிலேயே போய்விட்டது.